ஸ்டாண்டர்டு ஏன் ஒத்துப்போகவில்லை? ஹெபடைட்டிஸ் வைரல் லோட் சோதனையில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் சோதனையில், மதிப்பு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை (ஸ்டாண்டர்டு) ஓட்டினால் 5.98 லாக் (பத்தின் அடுக்காகச் சொன்ன அளவு) வர வேண்டிய இடத்தில் 5.68 வந்திருக்கிறது. மாதிரியோடு சேர்த்து ஓட்டும் இன்டர்னல் கன்ட்ரோல் சரி, வைரஸ் இல்லாத நெகட்டிவ் சுத்தம், இயந்திரம் எந்தப் புகாரும் சொல்லவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது, மென்பொருளில் ஒரு திருத்தக் காரணியைப் போட்டு 0.30-ஐக் கூட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். அந்த 0.30 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கூட்டினால், ஒரு தவறை இன்னொரு தவறால் மூடியதாகத்தான் ஆகும்.

விலகல் எவ்வளவு என்பதைவிட அதன் வடிவம்தான் முக்கியம். வடிவத்தைப் பார்த்தால் குற்றவாளி எந்தப் படியில் இருக்கிறான் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த வழிமுறை முழுவதும் அதை நம்பித்தான் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: கையில் இருப்பது என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச ஸ்டாண்டர்டு என்பது உறைய வைத்து உலர்த்திய, வைரஸ் உள்ள பிளாஸ்மா. ஹெபடைட்டிஸ் பி டி.என்.ஏ.வுக்கான நான்காவது ஸ்டாண்டர்டு, 2016-இல் வந்தது, குறியீடு 10/266. சொன்ன அளவு நீரில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 9,55,000 சர்வதேச அலகு, அதாவது 5.98 லாக். பி, சி இரண்டின் ஸ்டாண்டர்டுகளையும் தயாரித்தது பிரிட்டனின் உயிரியல் ஸ்டாண்டர்டு நிறுவனமான என்.ஐ.பி.எஸ்.சி. ஹெபடைட்டிஸ் டி, ஈ இரண்டுக்கும் ஜெர்மனியின் பால் எர்லிக் இன்ஸ்டிடியூட்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம்: இந்த அலகு வைரஸ் துகள்களை எண்ணி வைத்த எண் அல்ல. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் தங்கள் முறையில் அளந்து, அதன் அடிப்படையில் 'இந்தக் குப்பியில் இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம்' என ஒப்புக்கொண்ட எண். அதனால்தான் அந்த மதிப்புக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு எந்த நிச்சயமின்மையும் தரப்படுவதில்லை. வரையறைக்கு எப்படிப் பிழை வரும்?

இன்னொன்று. இயந்திரம் காட்டும் சிக்னலை அளவாக மாற்றும் உங்கள் வளைகோட்டையே ஸ்டாண்டர்டை வைத்துத்தான் வரைந்தீர்கள் என்றால், அதே ஸ்டாண்டர்டை மாதிரியாக ஓட்டிச் சரிபார்ப்பதில் அர்த்தமில்லை. தன் உயரத்தைத் தன் நிழலில் அளந்து பார்ப்பது போல, எப்போதும் சரியாகத்தான் வரும். சரிபார்க்க வேண்டியது வேறு குப்பி, வேறு ஆள் செய்த நீர்ப்பு (நீர்த்துத் தயாரித்த மாதிரி), முடிந்தால் வேறு இடத்தில் தயாரான இரண்டாம் நிலை ஸ்டாண்டர்டு (சர்வதேச ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு மதிப்பு கொடுத்தது).

ஒரு படம் வரையுங்கள்

கிடைமட்டத்தில் எதிர்பார்த்த லாக் மதிப்பு. செங்குத்தில் கிடைத்த மதிப்பிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்த வித்தியாசம். ஐந்து மட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி போதும். ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண்) 0.99 வந்ததே என்று மகிழாதீர்கள், ஐந்து லாக் அகலத்தில் எதைப் போட்டாலும் 0.99 வரும். வித்தியாசப் படம்தான் உண்மையைச் சொல்லும்.

புள்ளிகள் படுக்கையாகக் கீழேயோ மேலேயோ இருக்கின்றனவா? சாய்வாக இறங்குகின்றனவா? ஒரு முனையில் மட்டும் வளைகின்றனவா? சிதறிக் கிடக்கின்றனவா? அதற்கேற்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 1: எல்லா மட்டத்திலும் ஒரே அளவு விலகல்

எதிர்பார்த்தது 5.98, 4.98, 3.98, 2.98, 1.98. கிடைத்தது 5.68, 4.67, 3.69, 2.67, 1.69. நீர்ப்பில் கோளாறு இருந்தால் படிக்குப் படி விலகல் கூடியிருக்கும். மரபுப்பொருளைப் பெருக்கும் பி.சி.ஆரின் திறனில் கோளாறு இருந்தால் சாய்ந்திருக்கும். இப்படிப் படுக்கையாக இருந்தால் எங்கோ ஒரே ஒரு பெருக்கல் தவறாகியிருக்கிறது. அந்த எண்ணே துப்பு கொடுக்கும்.

0.30 என்றால் இரண்டு மடங்கு. முதல் சந்தேகம் கரைத்த அளவின் மேல். 10/266 குப்பியில் 0.5 மி.லி. நியூக்ளியேஸ் இல்லாத நீர் விட வேண்டும். பழக்க தோஷத்தில் 1 மி.லி. விட்டால் எல்லாமே பாதியாகிவிடும். ஸ்டாண்டர்டுக்கு ஸ்டாண்டர்டு இந்த அளவு ஒன்றாக இருக்கும் என்று நினைக்காமல், கூடவே வந்த தாளைத் திறந்து பாருங்கள். போன குப்பியின் தாள் உதவாது, இந்தக் குப்பியின் தாள்தான்.

இரண்டாவது சந்தேகம் மாதிரி அளவு. 400 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டிய பிரித்தெடுப்பு (மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தல்) நெறிமுறையில் 200 எடுத்தாலும் அதே 0.30தான். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அதே ரன்னில் வேறு இடத்திலிருந்து வாங்கிய ஒரு கன்ட்ரோலை வையுங்கள். அதுவும் 0.30 குறைந்தால் தவறு நெறிமுறையில். அது சரியாக வந்து ஸ்டாண்டர்டு மட்டும் குறைந்தால் தவறு குப்பியில்.

0.41 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அது சோதனைப் பிழையே இல்லை. ஹெபடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ.வுக்கான நான்காவது ஸ்டாண்டர்டு 06/102, மி.லி.க்கு 2,60,000 அலகு. 2015-இல் வந்த ஐந்தாவது, 14/150, மி.லி.க்கு 1,00,000. புதுக் குப்பி வந்திருக்கும், எக்செல் தாளில் பழைய எண் அப்படியே இருக்கும். 2.6-இன் லாக் 0.41. மூன்று நாள் கிட்டையும் பிப்பெட்டையும் திட்டிவிட்டுக் கடைசியில் எக்செல்லில் ஒரு கட்டத்தைத் திருத்தியவர்கள் உண்டு, அதில் நானும் ஒருவன். ஹெபடைட்டிஸ் பி-யில் இதே தவறு நடந்தால் கண்ணிலேயே படாது: மூன்றாவது ஸ்டாண்டர்டு 10/264-இன் மதிப்பு 8,50,000, நான்காவதின் மதிப்பு 9,55,000, வித்தியாசம் 0.05 லாக்தான். ஆனால் அது நிரந்தரமாக உள்ளே உட்கார்ந்துவிடும்.

விலகல் அரை லாக்கிலிருந்து முக்கால் லாக் வரை, அதுவும் அதிகமாக வருகிறதா? காப்பி (வைரஸ் மரபுப்பொருளின் பிரதி) எண்ணிக்கையையும் சர்வதேச அலகையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி-க்கு ஓர் அலகு எத்தனை காப்பி என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். ஒரு கிட்டில் 3.41, இன்னொன்றில் 5.82. லாக்கில் 0.53, 0.76. அறிக்கை காப்பியில் வருகிறதா அலகில் வருகிறதா என்று மென்பொருளின் அமைப்பைப் பாருங்கள். ஒரு கிட்டின் காரணியை இன்னொரு கிட்டுக்குப் போடவே கூடாது. டிஜிட்டல் பி.சி.ஆர். காப்பியை நேராக எண்ணித் தரும், அது நல்ல கருவி. ஆனால் அது தருவதும் காப்பிதான், அலகு அல்ல.

சரி, எண் 0.30 இல்லை, 0.41 இல்லை, ஏதோ 0.2 அல்லது 0.6. உங்கள் ஆய்வகமே உருவாக்கிய முறை என்றால் வளைகோட்டை எதை வைத்து வரைந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைரஸின் மரபணுத் துண்டை வைத்த வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடை நேராகப் பி.சி.ஆர். கலவையில் போட்டிருந்தால் அது பிரித்தெடுப்பு வழியாகப் போகவே இல்லை. மாதிரியில் உள்ள வைரஸ்தான் அந்த வழியாகப் போயிருக்கிறது. பிரித்தெடுப்பில் பாதி தொலைந்தால் வைரஸ் மட்டும் பாதியாகத் தெரியும். அதற்கு நேர்மாறானதும் நடக்கும்: முறுக்கிய வட்டமாக இருக்கும் பிளாஸ்மிட், முதல் சில சுழற்சிகளில் சரியாகப் பெருகாது, சிடி (சிக்னல் தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) தாமதமாக வரும், அதோடு ஒப்பிடும்போது நோயாளி மாதிரிகள் அதிகமாகத் தெரியும். பிளாஸ்மிடை ஒரு என்சைமால் வெட்டி நேராக்கிப் போட்டால் இது அடங்கும். எப்படியானாலும் பிளாஸ்மிட் வளைகோட்டுக்கு அலகின் பெயரைக் கொடுக்கும் உரிமை, முழு வழியிலும் ஓட்டிய ஒரு ஸ்டாண்டர்டு கையில் இருந்தால் மட்டுமே.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஒரு குப்பியில் மட்டும் 0.2 குறைவு, அடுத்த குப்பியில் சரி. கரைத்த அளவு சரி, மதிப்பு சரி. காலிக் குப்பியைத் தூக்கிப் போடும் முன் ரப்பர் மூடியைத் திருப்பிப் பார்த்தேன், உட்புறம் வெள்ளையாகப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த பொருள் அவ்வளவு லேசானது. மூடியை வெடுக்கென்று இழுத்தால் காற்று உள்ளே பாய்ந்து பொடி எழும்பும். அன்றிலிருந்து குப்பியை மெதுவாகத் தட்டி, பொருள் அடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மூடியை ஒரு ஓரமாக மெல்லத் தூக்குகிறேன். நீர் விட்ட பிறகு குறைந்தது 20 நிமிடம் விட்டு, நடுநடுவே சுழற்றிவிட வேண்டும். ஐந்தே நிமிடத்தில் தெளிந்துவிட்டது போல இருக்கும், நம்ப வேண்டாம்.

அறிகுறி 2: மேலே சரியாக இருக்கிறது, கீழே போகப் போக இறங்குகிறது

5.98, 4.90, 3.82, 2.74, 1.66. முதல் எண் கச்சிதம். அடுத்து ஒவ்வொரு படியிலும் 1.00 குறைய வேண்டிய இடத்தில் 1.08 குறைந்திருக்கிறது. இந்தச் சீரான 0.08-ஐப் பார்த்தவுடன் என் கை பிப்பெட்டைத் தேடும்.

கணக்குப் போட்டால் புரியும். 900 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் பத்தில் ஒன்று. பிப்பெட் 100-க்குப் பதில் 82 கொடுத்தால் 982-இல் 82, அதாவது பன்னிரண்டில் ஒன்று. லாக்கில் 1.08. ஒரு படியில் தெரியாத இந்தத் தவறு நான்கு படிக்குப் பிறகு 0.32 ஆகிவிடும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். உங்கள் வளைகோட்டின் ஸ்லோப் (சாய்வு) தவறாக இருந்தாலும் படம் இதே மாதிரிதான் சாயும். இரண்டையும் பிரிக்கும் சோதனை எளிது: ஆயிரத்தில் ஒன்று நீர்ப்பை இரண்டு வழியில் செய்யுங்கள். ஒன்று பத்துப் பத்தாக மூன்று படியில். மற்றொன்று ஒரே தாவலில், 10 மி.லி. பிளாஸ்மாவில் 10 மைக்ரோலிட்டர் விட்டு. (ஒரே தாவலுக்கு வேறு பிப்பெட்டை எடுங்கள், இல்லாவிட்டால் அதன் குறையும் சேர்ந்து வரும்.) இரண்டும் ஒத்துப்போனால் நீர்ப்பு குற்றமற்றது, வளைகோட்டைப் பாருங்கள். மூன்று படியில் வந்தது மட்டும் கீழே கிடந்தால் பிப்பெட்டோ பிடிக்கும் கையோ.

பிப்பெட்டுக்கு இன்னும் உறுதியான சோதனை தராசு. 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா ஏறத்தாழ 102 மி.கி. இருக்க வேண்டும். நீரில் சரியாகக் கொடுக்கும் பிப்பெட், பிளாஸ்மாவில் குறைத்துக் கொடுக்கும். பிளாஸ்மா கொழகொழவென்று இருக்கும், டிப்பின் உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே அளவுத் தர ஆவணத்தில் 'நீரில் தேர்ச்சி' என்றிருப்பதை மட்டும் நம்பாமல் பிளாஸ்மாவிலேயே எடை போடுங்கள். இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி எடுத்து முதல் நிறுத்தம் வரை மட்டும் விடும் தலைகீழ் முறை இங்கே நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு படிக்கும் புது டிப். டிப்பின் வெளிப்புறத்தில் தொங்கும் துளியைக் குழாயின் விளிம்பில் துடைத்துவிடுங்கள்.

நீர்ப்பு சரி, வளைகோடுதான் தவறு என்று தெரிந்தால் ஸ்லோப்பைப் பாருங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் சரியாக இரட்டித்தால் -3.32. -3.1 முதல் -3.6 வரை பொதுவாக ஏற்கத்தக்கது, திறன் கணக்கில் 110 முதல் 90 சதவீதம். -3.6-ஐத் தாண்டினால் வைரஸின் மரபுப்பொருளில் போய் ஒட்டும் பிரைமர், புரோப் பழசாகியிருக்கலாம், ஒட்டும் வெப்பநிலை தவறியிருக்கலாம். -2.9 வந்து 'ஆகா, 121 சதவீதம்' என்று மகிழாதீர்கள். அளவீட்டுச் சிதறலில் எண் கொஞ்சம் கூடலாம், ஆனால் நூற்றைத் தாண்டிய உண்மையான திறன் இயற்கையில் கிடையாது. அடர்த்தியான மாதிரியில் தடுப்பான்கள் சிடியைத் தள்ளிப்போட்டிருக்கலாம், அல்லது கீழ் மட்டத்தில் எதுவோ கலந்து சிடியை முன்னுக்கு இழுத்திருக்கலாம்.

கடைசிச் சந்தேகம் நீர்ப்பு திரவம். ஸ்டாண்டர்டை நீரிலோ பஃபரிலோ நீர்த்தால், கீழ் மட்டங்களில் வைரஸும் நியூக்ளிக் அமிலமும் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டித் தொலையும். அதுவும் சாய்வாகத்தான் தெரியும். நெகட்டிவ் என்று உறுதி செய்த மனித பிளாஸ்மாதான் சரியான திரவம். ஹெப்பரின் சேர்த்த பிளாஸ்மா வேண்டாம், பி.சி.ஆரை அது தடுக்கும். ஈ.டி.டி.ஏ. பிளாஸ்மா பாதுகாப்பு.

அறிகுறி 3: மேல் முனை மட்டும் படுத்துவிடுகிறது

நடுவும் கீழும் சரி, ஏழு எட்டு லாக்கில் மட்டும் குறைவாக வருகிறது. பிரித்தெடுப்பில் மரபுப்பொருளைப் பிடிக்கும் காந்த மணிகளின் கொள்ளளவு நிரம்பியிருக்கலாம். அதைவிட அடிக்கடி நடப்பது: சிடி மிக முன்னதாக வரும் மாதிரியில் பேஸ்லைனை (சிக்னல் எழும் முன் உள்ள பின்னணி அளவு) மென்பொருள் தவறாக எடுத்துவிடுகிறது. பேஸ்லைன் சுழற்சிகளைக் குறைத்துப் பாருங்கள்.

இங்கே வேறு ஒரு கேள்வியும் இருக்கிறது. மேலே சொன்ன பி ஸ்டாண்டர்டு 10/266-இன் உச்சமே 5.98. ஹெபடைட்டிஸ் பி-யில் ஈ ஆன்டிஜன் (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) உள்ள ஒரு நோயாளிக்கு எட்டு, ஒன்பது லாக் சாதாரணமாக இருக்கும். அப்படியானால் ஆறுக்கு மேல் உங்கள் சோதனை நேர்கோட்டில் இருக்கிறது என்பதை ஸ்டாண்டர்டு சொல்லவே முடியாது. உயர் அளவுள்ள ஒரு நோயாளி மாதிரியை எடுத்து, படிப்படியாக நீர்த்து, ஆறுக்குக் கீழே வரும் மட்டங்களை ஸ்டாண்டர்டோடு கோத்து, அங்கிருந்து பின்னோக்கி மேல் மட்டங்களின் மதிப்பைக் கணக்கிட வேண்டும். பெரும்பாலான சரிபார்ப்பு அறிக்கைகளில் இந்தக் கண்ணி விடுபட்டிருக்கும்.

அறிகுறி 4: கீழ் முனையில் சிதறல்

இதில் பாதி பிழையே இல்லை. மி.லி.க்கு 10 அலகு உள்ள மாதிரியை எடுத்துக்கொள்வோம். 200 மைக்ரோலிட்டரில் 2 அலகு. அதை 50 மைக்ரோலிட்டரில் பிரித்தெடுத்து 10-ஐப் பி.சி.ஆரில் போட்டால் 0.4 அலகு. ஓர் அலகுக்கு ஐந்து காப்பி என்று வைத்தால் குழாய்க்குச் சராசரி இரண்டு காப்பி. எதுவுமே தொலையாமல் எல்லாம் கச்சிதமாக நடந்தாலும், நூறு குழாய்களில் பதின்மூன்று, பதினான்கில் ஒரு காப்பிகூட விழாது. சராசரி மூன்று காப்பி இருந்தால்தான் 95 சதவீதக் குழாய்களில் ஒன்றாவது இருக்கும். வாய்ப்புக் கணக்கை எந்த கிட்டும் மீற முடியாது. அளவு போதவில்லை என்றால் மாதிரியைக் கூட்டுங்கள், வேறு வழியில்லை.

பிழை நுழைவது கணக்குப் போடும் இடத்தில். ஐந்து பிரதியில் இரண்டு 'கண்டறியவில்லை' என்று வர, மீதி மூன்றின் சராசரியைப் போட்டு 'ஸ்டாண்டர்டை விட 0.25 அதிகம்' என்று எழுதுவார்கள். விழாத இரண்டையும் தூக்கிவிட்டால் சராசரி கூடாமல் என்ன செய்யும்? கண்டறியும் எல்லையைக் கண்டுபிடிக்கச் சராசரி பார்க்க வேண்டாம், எத்தனையில் எத்தனை கண்டறிந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு மட்டத்துக்கும் 20 பிரதியாவது, ஒரே நாளில் ஒரே ஆள் செய்யாமல் சில நாட்களுக்குப் பிரித்து. புரோபிட் கணக்கு (எந்த மட்டத்தில் எத்தனை சதவீதம் கண்டறியும் என்று சொல்லும் புள்ளியியல் முறை) அதற்குத்தான்.

ஆர்.என்.ஏ. வைரஸ்களில் சிதறலுக்கு இன்னொரு காரணம், கீழ் மட்ட நீர்ப்புகள் மேசையில் காத்திருப்பது. நீர்த்தவுடன் வைரஸை உடைக்கும் லைசிஸ் பஃபரில் சேர்த்துவிடுங்கள். பெட்டி முழுக்க நீர்த்து முடித்துவிட்டு அப்புறம் சேர்க்கலாம் என்று வைத்தால் முதலில் செய்தது கடைசியில் செய்ததோடு ஒத்துப்போகாது.

அறிகுறி 5: நெகட்டிவில் சிக்னல்

நீண்ட கதை வேண்டாம். நீர் மட்டும் போட்ட குழாயில் வந்தால் மாசு பி.சி.ஆர். கலவையில். நெகட்டிவ் பிளாஸ்மாவில் மட்டும் வந்தால் பிரித்தெடுப்பில், அல்லது அந்தப் பிளாஸ்மாவே நெகட்டிவ் இல்லை. ஆறு லாக் ஸ்டாண்டர்டைத் திறக்கும் மேசையும் பி.சி.ஆர். கலவை தயாரிக்கும் மேசையும் ஒன்றாக இருந்தால் இது என்றாவது ஒருநாள் நடக்கும். யு.என்.ஜி. என்சைம் முந்தைய ரன்னின் பெருகிய துண்டுகளை அழிக்கும். குப்பியிலிருந்து தெறித்த முழு வைரஸை அது ஒன்றும் செய்யாது.

அறிகுறி 6: ஸ்டாண்டர்டு அற்புதம், நோயாளிகள்தான் ஒத்துப்போகவில்லை

இரண்டு ஆய்வகம், இரண்டு கிட். ஸ்டாண்டர்டில் இரண்டும் 0.05-க்குள். அதே நோயாளியின் மாதிரியில் 0.8 வித்தியாசம். இதுதான் நிஜமாகவே கஷ்டமான அறிகுறி.

முதலில், வித்தியாசம் எல்லா நோயாளிகளிடமுமா, சிலரிடம் மட்டுமா என்று பிரியுங்கள். நாற்பது மாதிரியில் முப்பத்தைந்து ஒத்துப்போய் ஐந்து மட்டும் தனியே விழுந்தால் மரபணு வகையைப் பாருங்கள். பி ஸ்டாண்டர்டு ஏ வகை, சி ஸ்டாண்டர்டு 1ஏ வகை. உங்கள் பிரைமர், புரோப் அந்த ஒரு வகையோடு கச்சிதமாகப் பொருந்தினால் போதும், ஸ்டாண்டர்டில் சோதனை ஜெயித்துவிடும். வேறு வகையில் புரோப் உட்காரும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் சிடி தள்ளிப்போகும். ஹெபடைட்டிஸ் சி-யில் எல்லாரும் குறிவைக்கும் 5 பிரைம் பகுதி மாறாதது என்று பெயர். ஆனால் 4 வகையின் சில வடிவங்களைச் சில பழைய சோதனைகள் வெகுவாகக் குறைத்துக் காட்டியது தெரிந்த கதை. அந்தச் சோதனைகளும் சர்வதேச அலகோடு ஒத்திசைத்தவைதான்.

இதைத் தீர்க்க ஒரு ஸ்டாண்டர்டு போதாது, தொகுப்பு வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கு 2009-இல் வந்த மரபணு வகைத் தொகுப்பு, குறியீடு 5086/08, பதினைந்து மாதிரிகள், ஏ முதல் ஜி வரை. பால் எர்லிக் இன்ஸ்டிடியூட் தருகிறது. ஹெபடைட்டிஸ் ஈ-க்கும் அப்படி ஒரு தொகுப்பு உண்டு. நோயாளி மாதிரியில் சந்தேகம் வந்தால் புரோப் உட்காரும் பகுதியை வரிசைப்படுத்திப் பார்ப்பது இறுதித் தீர்ப்பு.

நாற்பது பேரிடமும் ஒரே மாதிரி விலகல் என்றால் கதை வேறு. ஸ்டாண்டர்டு உங்கள் சோதனையில் ஒரு நோயாளி மாதிரி போல நடந்துகொள்ளவில்லை என்று பொருள். உறைந்து உலர்ந்து திரும்பக் கரைந்த பிளாஸ்மா வேறு, நேற்று எடுத்த பிளாஸ்மா வேறு. சில பிரித்தெடுப்பு முறைகள் ஒன்றில் நன்றாகவும் மற்றதில் சுமாராகவும் வேலை செய்யும். அதை உறுதி செய்ய ஸ்டாண்டர்டையும் நோயாளி மாதிரிகளையும் ஒரே ரன்னில் இரண்டு முறையிலும் ஓட்டி ஒன்றுக்கொன்று எதிராக வரையுங்கள். நோயாளிகள் வரையும் கோட்டிலிருந்து ஸ்டாண்டர்டு விலகி நின்றால் அந்த இணைக்கு அது பொருந்தவில்லை. அப்படியிருக்கையில் ஸ்டாண்டர்டுக்கு ஏற்றபடி சோதனையைத் திருத்தினால் நோயாளிகள்தான் தவறாவார்கள்.

வித்தியாசம் 0.3, 0.4 என்றால்? ஒரே நோயாளியை இரண்டு முறை அளந்தாலே அரை லாக் வரை விலகலாம் என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஒற்றை நோயாளியின் 0.4-ஐத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாற்பது பேரின் சராசரி 0.4 என்றால் துரத்துங்கள்.

ஹெபடைட்டிஸ் டி: தனியாகச் சொல்ல வேண்டும்

முதல் டி ஸ்டாண்டர்டு 2013-இல்தான் வந்தது: 7657/12, மி.லி.க்கு 5,75,000 அலகு, 1 வகை. அதுவரை ஒவ்வொரு ஆய்வகமும் தன் சொந்தக் காப்பி எண்ணிக்கையில் பேசிக்கொண்டிருந்தது. எனவே அதற்கு முந்தைய எண்களோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு 'குறைந்துவிட்டது' என்று சொல்வதில் பொருளில்லை.

டி சோதனையில் எல்லா மட்டமும் குறைவாக வந்தால் நான் முதலில் பார்ப்பது ஆர்.என்.ஏ.வைச் சூடாக்கும் படி. இந்த வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 1,700 எழுத்து நீள வட்டம். தன்னோடு தானே பிணைந்து ஒரு குச்சி போல மடிந்து கிடக்கும். நல்ல வெப்பத்தில் பிரித்து, உடனே பனியில் வைத்து, பிறகு ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் போகாவிட்டால் என்சைம் உள்ளே நுழையவே முடியாது. பி, சி நெறிமுறையை அப்படியே டி-க்கு எடுத்துப் போட்டவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆய்வகத்தில் செய்த நேரான ஆர்.என்.ஏ. துண்டை வைத்து வளைகோடு வரைந்தால் அது சுலபமாகத் திறந்துகொள்ளும், வைரஸ் திறக்காது, இடைவெளி இன்னும் கூடும். மரபணு வகைகள் எட்டு, ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபட்டவை. ஆகவே அறிகுறி 6-இல் சொன்னதெல்லாம் இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

அறிகுறி 7: புது லாட் வந்ததும் எல்லாம் நகர்ந்துவிட்டது

சர்வதேச ஸ்டாண்டர்டு தினமும் திறக்கும் பொருள் அல்ல. கையிருப்பு குறைவு, இரண்டாம் நிலை ஸ்டாண்டர்டுக்கு மதிப்பு கொடுக்கத்தான் அது. அன்றாடம் ஓட்டுவது இரண்டாம் நிலை ஸ்டாண்டர்டை நாமே சிறு பங்குகளாகப் பிரித்து -70 டிகிரியில் வைத்த அலிகோட். அது தீர்ந்து புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போது பலரும் பழைய லாட்டோடு ஒப்பிட்டு மதிப்பு கொடுக்கிறார்கள். அடுத்த லாட்டுக்கு இந்த லாட்டோடு. ஒவ்வொரு முறையும் 0.06 நகர்ந்தால் யாருக்கும் தெரியாது, ஐந்தாவது லாட்டில் 0.30.

ஒவ்வொரு லாட்டுக்கும் மதிப்பை மேலே, சர்வதேச ஸ்டாண்டர்டிலிருந்தே எடுங்கள். பழைய லாட்டைச் சாட்சியாக மட்டும் அதே ரன்னில் வையுங்கள். மூன்று நாள், மூன்று தனித்தனி குப்பி கரைத்து. ஒரே குப்பியை முப்பது முறை அளந்தால் அந்தக் குப்பியைப் பற்றித்தான் தெரியும், கரைக்கும் பிழை தெரியவே தெரியாது.

லாட் மாறாமலே மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் அலிகோட் உறைந்து உருகி உறைந்திருக்கிறது. ஒரு முறை உருக்கியதைத் திரும்ப வைக்காதீர்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

திருத்தக் காரணி எப்போது போடலாம்?

விலகல் படுக்கையாக இருந்து, காரணம் தெரிந்து, அந்தக் காரணத்தை நீக்க முடியாத நிலையில் மட்டும். பிளாஸ்மிட் வளைகோட்டில் பிரித்தெடுப்பு இழப்பு போல. மூன்று வேறு குப்பிகளில் அதே எண் திரும்பத் திரும்ப வர வேண்டும். சாய்வுக்கும் சிதறலுக்கும் காரணி கிடையாது. வணிகக் கிட்டுகளில் உங்கள் காரணியைப் போடுவது சோதனையையே மாற்றுவது, முழுச் சரிபார்ப்பும் மறுபடி செய்ய வேண்டும்.

பிழையைக் கண்டுபிடித்துச் சரி செய்தாயிற்று என்றால் கடைசிச் சரியான ரன் எது என்று பாருங்கள். அதற்கும் இன்றைக்கும் நடுவே வெளியே போன அறிக்கைகளை எடுத்து வையுங்கள். 0.30 குறைத்துக் காட்டிய சோதனையில் மி.லி.க்கு 1,400 அலகு என்று போன அறிக்கை உண்மையில் 2,800. ஹெபடைட்டிஸ் பி சிகிச்சை முடிவில் 2,000 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். 1,000-க்கும் 2,000-க்கும் இடையே போன ஒவ்வொரு அறிக்கையையும் மருத்துவரிடம் திரும்பச் சொல்ல வேண்டும். 20 லட்சம் என்று போனது 40 லட்சமாக இருந்தால் அவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை, ஆனாலும் திருத்திய அறிக்கை போக வேண்டும், ஏனென்றால் அடுத்த மூன்று மாதத்தில் வரும் எண்ணை அவர் இதோடுதான் ஒப்பிடுவார்.